எரர் காட்டாமல் தப்புக் கணக்குப் போடும் ஃபார்முலாவைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: 140 பேருக்கான சம்பளப் பட்டியல் எக்செலில் இருக்கிறது. பிஎஃப், இஎஸ்ஐ, நிகரச் சம்பளம் எல்லாமே ஃபார்முலா. எந்தச் செல்லிலும் எரர் இல்லை. ஆனாலும் கடைசி மொத்தம் வங்கிக்குப் போன தொகையோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு வரிசையையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் நினைக்கிற மாதிரி அங்கே 140 பிஎஃப் ஃபார்முலா இல்லை. இருக்க வேண்டியது ஒன்றுதான், மீதி 139 அதன் நகல். அதனால் பார்க்க வேண்டியவை இரண்டு: நகல்கள் எல்லாம் இன்னும் நகல்களாகவே இருக்கின்றனவா, அந்த மூல ஃபார்முலா சரியா. முதலாவதை எக்செலே நிமிடத்தில் கண்டுபிடித்துத் தரும். இரண்டாவதை மனிதர்தான் செய்ய வேண்டும். பலரும் இந்த இரண்டையும் கலந்துகொண்டு, வரிசை வரிசையாகக் கண்ணால் மேய்ந்து களைத்துப்போகிறார்கள்.

#ரெஃப்!, #என்/ஏ, #வேல்யூ! என்று கத்துகிற செல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதை யாரும் பார்க்காமல் விடமாட்டார்கள். பார்ப்பதற்கு நல்ல எண்ணாகவே நின்றுகொண்டு தப்பாக இருக்கிற செல்தான் பணத்தைத் தின்கிறது.

பேச வசதியாக உங்கள் ஷீட்டை இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஏ பத்தியில் பணியாளர் எண், பி-யில் பெயர், சி-யில் அடிப்படைச் சம்பளம், டி-யில் மொத்தச் சம்பளம், ஜி-யில் பிஎஃப், ஹெச்-சில் இஎஸ்ஐ, ஜே-யில் ஊக்கத்தொகை (இது டி-க்குள் சேர்கிறது), கே-யில் நிகரம். ஆட்கள் 2-ஆம் வரிசை முதல் 141 வரை, மொத்தம் 142-இல். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், ஷீட்டில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வேலையைத் தொடங்கும் முன் ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்து, நகலில் மட்டும் கை வையுங்கள்.

ஷீட்டைத் தொடுவதற்கு முன்னால் வித்தியாசத் தொகையைத் தாளில் எழுதிப் பாருங்கள். பழைய கணக்குப்பிள்ளைகளின் வழி இது, இன்றைக்கும் பயன்படுகிறது. வித்தியாசம் அப்படியே ஒருவருடைய நிகரச் சம்பளமாக இருந்தால் ஒரு வரிசை மொத்தத்துக்குள் வரவில்லை, அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது. வித்தியாசத்தின் பாதி யாருடைய பிடித்தத்தோடாவது பொருந்தினால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள். 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 7,350 என்பதை 3,750 என்று அடித்தால் வித்தியாசம் 3,600. ஆனால் இது துப்புதான், தீர்ப்பு அல்ல. ஒன்பது எண்ணில் ஒன்று 9-ஆல் வகுபடத்தான் செய்யும், பிஎஃப் உச்சத்தொகையான 1,800-உம் அப்படிப்பட்ட எண்தான். சில ரூபாய், சில பைசா மட்டும் இடித்தால் ரவுண்ட் பிரச்சினை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி நகல் சோதனை. ஜி2 முதல் ஜி141 வரை தேர்ந்தெடுங்கள். எஃப்5 கீயை அழுத்தி, ஸ்பெஷல் என்ற பட்டனைத் தட்டி, கான்ஸ்டன்ட்ஸ் என்பதைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கையால் அடித்த எண் இருந்தால் அந்தச் செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். சம்பளப் பட்டியல்களில் அதிகம் அகப்படுவது இதுதான்: ஒரு மாதம் ஒருவருக்குச் சம்பளமில்லா விடுப்பு, அவசரத்துக்கு ஃபார்முலாவின் மேலேயே 1,260 என்று அடித்துவிட்டார்கள், அடுத்த மாதம் ஷீட்டை நகலெடுத்தபோது 1,260-உம் கூடவே வந்துவிட்டது. செல் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால் அந்தப் பத்தி இந்தச் சோதனையில் தேறியது.

ஃபார்முலாவாகவே இருந்தும் மற்றவற்றிலிருந்து மாறியிருப்பதைப் பிடிக்க, அதே பத்தியை ஜி2-வில் தொடங்கிக் கீழ்நோக்கித் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்சாய்வுக்கோட்டு கீயைத் தட்டுங்கள். முதல் செல்லின் ஃபார்முலாவோடு ஒத்துப்போகாதவை தேர்வாகும். 139-உம் தேர்வாகி நின்றால் பதற வேண்டாம், ஜி2-வே தப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதையே கண்ணால் பார்த்து உறுதி செய்ய விரும்பினால் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபார்முலாஸ் பகுதியில் ஆர்1சி1 என்ற முறையை இயக்கிவிட்டு, கன்ட்ரோலோடு எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள கீயை அழுத்துங்கள். ஷீட் முழுவதும் விடைக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். வழக்கமான முறையில் ஒவ்வொரு வரிசையிலும் சி2, சி3, சி4 என்று எண் மாறிக்கொண்டே இருப்பதால் கண் ஏமாறும். ஆர்1சி1 முறையில் 140 வரிசையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும்:

=ரவுண்ட்(மின்(ஆர்சி[-4],15000)*12%,0)

ஆர்சி[-4] என்றால் அதே வரிசையில் நான்கு பத்தி இடப்பக்கம் உள்ள செல், அதாவது அடிப்படைச் சம்பளம். அதில் 15,000 வரைக்கு மட்டும் 12 சதவீதம் பிஎஃப். நடுவே ஒன்றில் மட்டும் ஆர்சி[-3] என்று இருந்தால் அந்த ஆளுக்கு வேறு பத்தியிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறது. லிப்ரே ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. கன்ட்ரோலோடு எஃப்8 கீயை அழுத்தினால் கையால் அடித்த எண்கள் நீலம், ஃபார்முலாக்கள் பச்சை, வெறும் எழுத்து கறுப்பு. பச்சைப் பத்தியின் நடுவில் ஒரு நீலம் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

அடுத்து, மொத்தம் எதுவரை கூட்டுகிறது என்று பாருங்கள். 142-ஆம் வரிசையில் ஒவ்வொரு மொத்தத்தின் மேலும் நின்று எஃப்2 கீயை அழுத்தினால், கூட்டலுக்குள் வரும் பகுதியைச் சுற்றி வண்ணக் கட்டம் விழும். கட்டம் 141-ஐத் தொடுகிறதா? பட்டியலின் நடுவில் வரிசை செருகினால் கூட்டல் தானே நீளும். கடைசி ஆளுக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே செருகினால் நீளும் என்று நம்ப முடியாது. எக்செல் சில சமயம் நீட்டித் தரும், சில சமயம் தராது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பட்டியலின் கடைசியில்தான் எழுதுகிறோம், அதனால் விட்டுப்போவதும் அவர்கள்தான்.

இது சின்ன அலுவலகத்துக்கு மட்டும் வரும் வினை அல்ல. பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி வெளியிட்ட ஆய்வில் ஒரு சராசரி எல்30 முதல் எல்49 வரை போக வேண்டியது, எல்44-இல் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்குக்கு வெளியே போயின. 2013-இல் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கடன் மிக அதிகமான நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்தது, அவரும் அவருடைய பேராசிரியர்களும் திருத்திப் போட்டபோது 2.2 ஆனது. அந்த வித்தியாசம் முழுவதும் இந்த ஐந்து வரிசையால் வந்ததல்ல, சில ஆண்டுகளை விட்டதும் நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் சேர்ந்தது. ஆனால் எஃப்2 கீயை ஒரு தடவை அழுத்தியிருந்தால் அந்த ஐந்து வரிசை கண்ணில் பட்டிருக்கும்.

நிரந்தரத் தீர்வு: பட்டியலுக்குள் நின்று கன்ட்ரோலோடு T எழுத்தை அழுத்தி (D அல்ல) டேபிளாக மாற்றிவிடுங்கள். புது வரிசை தானாக உள்ளே சேரும், ஃபார்முலாவும் தானாக இறங்கும்.

கட்டம் சரியாக இருந்தும் மொத்தம் குறைகிறதா? சில எண்கள் எண்களே அல்ல. வேறு மென்பொருளிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ இறக்கிய தொகைகள் எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடும். கூட்டல் ஃபார்முலாவான சம் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஒரு காலிச் செல்லில் =கவுண்ட்(சி2:சி141) என்றும் பக்கத்தில் =கவுண்ட்ஏ(சி2:சி141) என்றும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். 137-உம் 140-உம் வந்தால் மூன்று பேருடைய சம்பளம் எழுத்தாக இருக்கிறது. இதில் ஒரு மோசமான விஷயம் உண்டு: =சி5+சி6 என்று கூட்டினால் எக்செல் அந்த எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு சரியான விடை தரும், சம் போட்டால் தராது. அதனால் தனி ஆளின் வரிசை சரியாக இருக்கும், மொத்தம் மட்டும் இடிக்கும். சரிசெய்ய, பத்தியைத் தேர்ந்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் உடனே ஃபினிஷ் கொடுத்தால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். இணையத்திலிருந்து ஒட்டியதில் சாதாரண இடைவெளி போலத் தோன்றும் வேறு ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் குறியீடு 160. இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் ஃபார்முலா அதை நீக்காது. =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(சி5,சார்(160),"")) என்று போட வேண்டும்.

இதுவரை பார்த்தது நகல்களை. இனி மூல ஃபார்முலா. ஊக்கத்தொகை மாதிரி இன்னொரு பட்டியலிலிருந்து விகிதத்தை எடுத்து வரும் பத்தியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். 'படி' என்ற ஷீட்டில் ஊக்கத்தொகை உள்ள 49 பேருடைய எண்ணும் மூன்றாம் பத்தியில் விகிதமும் இருக்கிறது என்று வையுங்கள். ஜே2-வில் இப்படி எழுதியிருக்கிறார்கள்:

=இஃப்எரர்(விலுக்கப்(ஏ2,படி!ஏ2:சி50,3)*சி2,0)

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. இந்த ஒரே வரியில் நான்கு குற்றம். பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்கப்பில் நான்காவது பகுதி இல்லை. அதை விட்டுவிட்டால் எக்செல் 'கிட்டத்தட்டப் பொருந்தினால் போதும்' என்று எடுத்துக்கொள்ளும். 1042 என்ற எண் பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு முந்தைய 1041-இன் விகிதத்தைக் கொடுத்துவிடும். ஊக்கத்தொகையே இல்லாதவருக்குப் பக்கத்து ஆளின் விகிதம். இரண்டாவது, டாலர் குறி இல்லை. கீழே இழுக்க இழுக்கத் தேடும் பகுதியும் நழுவும்: 3-ஆம் வரிசையில் ஏ3:சி51, 141-இல் ஏ141:சி189. 51-ஆம் வரிசையிலிருந்து தேடுவது வெற்றுச் செல்களில். மூன்றாவது, எண்ணிக்கையாக எழுதிய 3. படி ஷீட்டில் யாராவது நடுவில் ஒரு பத்தி செருகினால் விகிதம் நான்காம் இடத்துக்குப் போகும், ஃபார்முலா மூன்றாவதையே எடுக்கும். நான்காவது குற்றம்தான் பெரியது: இஃப்எரர். மற்ற மூன்றும் எழுப்பியிருக்கக்கூடிய எரரை அது பூஜ்யமாக மாற்றி அமுக்கிவிட்டது.

இப்படிப்பட்ட ஃபார்முலாவைப் பிரித்துப் பார்க்க, செல்லில் எஃப்2 அழுத்தி, விலுக்கப் என்ற சொல்லிலிருந்து அதன் மூடும் அடைப்புக்குறி வரை மட்டும் தேர்ந்து, எஃப்9 கீயைத் தட்டுங்கள். அந்தத் துண்டின் விடை மட்டும் அங்கேயே தெரியும், 0.08 என்று வைத்துக்கொள்ளுங்கள். படி ஷீட்டில் அந்த ஆளுக்கு அதுதானா என்று ஒப்பிடுங்கள். பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்த வேண்டும், எண்டர் அல்ல. எண்டர் தட்டினால் 0.08 ஃபார்முலாவுக்குள்ளேயே நிலைத்துவிடும், சோதிக்கப் போன நீங்களே புதுப் பிழை வைத்ததாகிவிடும்.

திருத்திய வடிவம்:

=இஃப்என்ஏ(விலுக்கப்($ஏ2,படி!$ஏ$2:$சி$50,3,ஃபால்ஸ்),0)*சி2

இங்கே 91 பேருக்கு விகிதம் இல்லாதது நியாயம்தான், அதனால் 'கிடைக்கவில்லை' என்பதை மட்டும் பூஜ்யமாக்கும் இஃப்என்ஏ போதும். மற்ற எரர்கள் வெளியே தெரியட்டும். கூடவே =கவுண்ட்இஃப்(ஜே2:ஜே141,">0") என்று ஒரு செல்லில் போட்டு 49 வருகிறதா என்று பாருங்கள். 47 வந்தால், இரண்டு பேருடைய பணியாளர் எண் ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருக்கலாம். எக்செல் 2021 அல்லது 365 வைத்திருந்தால் எக்ஸ்லுக்கப் பயன்படுத்துங்கள். அது சொல்லாமலே சரியான பொருத்தத்தை மட்டும் தேடும், பத்தி எண்ணும் கேட்காது.

ஃபார்முலாவுக்குள் பொதிந்த எண்களைத் தனியாகத் தேடுங்கள். 2014 செப்டம்பர் 1-இல் பிஎஃப் சம்பள உச்சவரம்பு 6,500-இலிருந்து 15,000 ஆனது. அதாவது உச்சப் பிடித்தம் 780-இலிருந்து 1,800. 2019 ஜூலை 1-இல் இஎஸ்ஐ பணியாளர் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகவும் நிறுவனத்தின் பங்கு 4.75-இலிருந்து 3.25 ஆகவும் இறங்கியது. இந்த எண்களை நூறு செல்லுக்குள் எழுதி வைத்தால், மாற்றம் வரும் நாளில் எங்கோ ஓரிடத்தில் பழையது தங்கிவிடும். கன்ட்ரோலோடு எஃப் அழுத்தி, ஃபார்முலாஸில் தேடும்படி வைத்து 15000, 12%, 0.75% என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். அகப்படுவதையெல்லாம் 'விகிதம்' என்ற தனி ஷீட்டுக்கு மாற்றி, பக்கத்திலேயே எந்தத் தேதியிலிருந்து நடப்பு என்றும் எழுதிவிடுங்கள்.

பிறகு விடை தெரிந்த எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லையிலும் எல்லைக்கு இரு பக்கமும் போடுங்கள். மேலே சொன்ன உச்சவரம்பின்படி, பிஎஃப்புக்கு சி-யில் 10,000 என்றால் 1,200 வர வேண்டும். 14,500-க்கு 1,740. 15,000-க்கும் 15,001-க்கும் 40,000-க்கும் 1,800. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இஎஸ்ஐக்கு அதன் சம்பள வரம்பான 21,000 போட்டால் 157.50, அதை அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தி 158. பிஎஃப் அருகிலுள்ள ரூபாய்க்கு, இஎஸ்ஐ மேல் ரூபாய்க்கு. ஒன்றுக்கு ரவுண்ட், மற்றதுக்கு ரவுண்ட்அப். இரண்டுக்கும் ரவுண்டே போட்டிருப்பார்கள், மாதக் கடைசியில் சில ரூபாய் இடிக்கும்.

நகல் சோதனை எதிலும் அகப்படாத பிழை ஒன்றும் இங்கேதான் வெளிப்படும். இஎஸ்ஐக்குப் பெரும்பாலான ஷீட்டில் =இஃப்(டி2<=21000,ரவுண்ட்அப்(டி2*0.75%,0),0) என்றிருக்கும். 140 வரிசையிலும் ஒரே மாதிரி, எண்ணும் சரி. ஆனால் விதி அப்படி இல்லை. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். காலத்தின் நடுவில் சம்பள உயர்வு வந்து ஒருவர் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும். ஜூலையில் உயர்வு கொடுத்த நிறுவனத்தில் இந்த ஃபார்முலா ஜூலை முதல் செப்டம்பர் வரை தப்புதான் சொல்லும். காலத்தின் தொடக்கத்தில் அவர் இஎஸ்ஐக்குள் இருந்தாரா என்பதற்கு ஆம், இல்லை என்று தனிப் பத்தி வைத்து, ஃபார்முலா அதைப் பார்க்கும்படி எழுதுவதே சரி.

ஜேபி மார்கன் வங்கி 2012-இல் 600 கோடி டாலருக்கு மேல் இழந்த விவகாரத்தில், அபாயத்தை அளந்த ஷீட்டில் இருந்ததும் இந்த இனப் பிழைதான். இரண்டு விகிதங்களின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள் என்று வங்கியின் சொந்த அறிக்கையே 2013 ஜனவரியில் சொன்னது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை சராசரியைப் போல இரு மடங்கு, எனவே ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது. 4, 6 என்று இரண்டு சின்ன எண்களைப் போட்டுக் கையால் சரிபார்த்திருந்தால் 0.4 வர வேண்டிய இடத்தில் 0.2 நின்றிருக்கும்.

ரவுண்ட் விஷயம். செல்லின் ஃபார்மட்டில் பைசாவை மறைத்தால் மறைவது கண்ணுக்கு மட்டும்தான். 100.40 என்று மூன்று செல் இருந்தால் மூன்றிலும் 100 தெரியும், கூட்டினால் 301 வரும். வங்கிக்குப் போவது 100, 100, 100. ஆகவே ஃபார்முலாவுக்குள்ளேயே, அதுவும் ஒவ்வொரு ஆளின் வரிசையிலும் ரவுண்ட் செய்யுங்கள், மொத்தத்தில் அல்ல. ஆப்ஷன்ஸில் 'தெரிவதையே மதிப்பாக வை' என்கிற ஒரு வசதி உண்டு. அதைத் தொடாதீர்கள், மறைந்திருக்கும் பைசாவை நிரந்தரமாக அழித்துவிடும்.

இன்னும் இரண்டு சிறிய காரணங்களை ஒரு பார்வை பாருங்கள். கணக்கிடும் முறை மேனுவலில் இருந்தால் எண்ணை மாற்றியும் விடை பழையதாகவே நிற்கும். மேனுவலில் வைத்த ஒரு ஃபைலை முதலில் திறந்தால், பிறகு திறக்கும் ஃபைல்களுக்கும் அதே முறை ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் போட்டிருக்கும்போது சம் மறைந்த வரிசைகளையும் கூட்டும். கண்ணுக்குத் தெரிவது மட்டும் வேண்டுமென்றால் சப்டோட்டல் ஃபார்முலாவில் முதல் எண்ணாக 109 போடுங்கள்.

கடைசியாக, இந்த வேலையை மாதாமாதம் செய்யாமலிருக்க முதல் வரிசைக்கு மேலே நான்கு சோதனைச் செல் வையுங்கள். மொத்தச் சம்பளத்தின் கூட்டுத்தொகையிலிருந்து பிஎஃப், இஎஸ்ஐ கூட்டுத்தொகைகளைக் கழித்து, நிகரத்தின் கூட்டுத்தொகையோடு இருக்கும் வித்தியாசம், இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்து. ஆட்களின் எண்ணிக்கையும் சென்ற மாத எண்ணிக்கையும் புதியவர், விலகியவர் கணக்கோடு பொருந்துகிறதா என்பது. கவுண்ட்டுக்கும் கவுண்ட்ஏ-க்கும் உள்ள வித்தியாசம். வங்கி ஃபைலின் மொத்தத்தோடு வித்தியாசம். நான்கில் எது பூஜ்யமாக இல்லாவிட்டாலும் அது சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மட்டிங் கொடுத்து, தொகை அடிக்கும் செல்களைத் தவிர மீதியை லாக் செய்துவிடுங்கள். ஒரு பத்தியை மட்டும் சார்ட் செய்து, அதாவது வரிசை மாற்றி அடுக்கி, பெயரும் சம்பளமும் இடம் மாறிப்போனால் இந்த நான்கும் பூஜ்யமாகவேதான் இருக்கும். அதற்கு மட்டும் பட்டியலின் மேலிருந்து இருவர், நடுவிலிருந்து இருவர், கீழிருந்து ஒருவர் என எடுத்து, அவர்களுடைய சம்பள ஆணையோடு பெயரையும் தொகையையும் நேரடியாக ஒப்பிட்ட பிறகே வங்கிக்கு அனுப்புங்கள்.